எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பழக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் (பெங்களூருத் தமிழர்களுக்காக)

அலசூர், சிவாஜி நகர், ஸ்ரீராம்புரம் பக்கம் சின்னதாகக் கடை போட்டவர்கள், வீட்டிலேயே ஒரு மேஜை போட்டு ஆரம்பித்தவர்கள், ஓசூரிலிருந்து தினமும் வந்து கடையில் ஹெல்பராக நிற்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்கள் கீழே. ஓம் விதியும், மல்டிமீட்டரை எந்த மோடில் வைப்பது என்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

ஐ.டி.ஐ. படித்தால்தான் இந்த வேலை வருமா?

இல்லை. ஆனால் வயதும் வசதியும் இருந்தால் படிப்பது நல்லது. ஐ.டி.ஐ.யில் 'எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்' என்ற பிரிவு இருக்கிறது. பத்தாவது பாஸ் செய்தவர்கள் சேரலாம், 2 வருடப் படிப்பு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை கேட்டால் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் பார்ப்பார்கள். சொந்தக் கடைக்கு அது கட்டாயமில்லை. கடையில் நின்று பழகியவர்களிடம் வழக்கமாக இருக்கும் ஒரே குறை, 'இந்தக் கோளாறுக்கு இந்தப் பார்ட்டை மாற்று' என்று மனப்பாடமாகத் தெரிந்திருப்பதுதான். புது மாடல் வந்து உட்கார்ந்தால் அந்த மனப்பாடம் கை கொடுக்காது.

எதில் ஆரம்பிப்பது? மொபைலா, டிவியா, அடுப்பு மிக்ஸியா?

மொபைலில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர், டிசி பவர் சப்ளை என்று முதலீடு பெரிது. கை நடுங்கினால் போர்டே போய்விடும். வீட்டுச் சாமான்களின் சின்ன போர்டுகளில் ஆரம்பியுங்கள்: ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபயரின் 24 வோல்ட் அடாப்டர், செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர், எல்.ஈ.டி. பல்ப் டிரைவர், வாட்டர் லெவல் கன்ட்ரோலர். இவற்றைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டே சமாச்சாரம்தான் உள்ளே இருக்கும். ஒன்று சின்ன எஸ்.எம்.பி.எஸ். (மெயின்ஸை வேகமாக ஆன்-ஆஃப் செய்து குறைந்த வோல்டேஜ் டிசி ஆக்கும் சப்ளை). இன்னொன்று டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் ஒரு கெபாசிட்டரை வைத்து வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்.

இந்த இரண்டாவது வகையில் பழைய போர்டு வந்தால் முதலில் அந்தச் சதுரக் கெபாசிட்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். மேலே 1 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) என்று எழுதியிருக்கும், மீட்டரில் 0.4 காட்டும். மதிப்பு குறைந்தால் அது விடும் கரண்ட்டும் அதே அளவில் குறையும். விளக்கு மினுங்கும், ரிலே 'டிக்' என்று மட்டும் சொல்லிவிட்டு இழுக்காமல் நிற்கும். மாற்றும்போது எக்ஸ்2 வகையே (மெயின்ஸில் நேராகப் போடும் பாதுகாப்பு வகை) போட வேண்டும். மேலே 275 வோல்ட் ஏசி என்றிருப்பதோடு 'எக்ஸ்2' என்ற குறியும் இருக்கிறதா பாருங்கள். 400 வோல்ட் டிசி என்று மட்டும் எழுதிய சாதாரணக் கெபாசிட்டர் இந்த இடத்தில் தாங்காது.

இந்தச் சர்க்யூட்டில் போர்டு முழுக்கவே மெயின்ஸோடு நேரடியாக ஒட்டியிருக்கும். 5 வோல்ட் தானே என்று விரலை வைத்தால் 230 வோல்ட் ஷாக்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

நல்ல மல்டிமீட்டர் ஒன்று. மஞ்சள் நிறத்தில் வரும் மலிவு மீட்டர் கற்றுக்கொள்ளப் போதும், மெயின்ஸ் அளக்க வேண்டாம். அதன் 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு ப்யூஸே கிடையாது. புரோப் அந்தச் சாக்கெட்டில் இருப்பதை மறந்துவிட்டு 230 வோல்ட்டில் வைத்தால் புரோப் முனை தீப்பொறி பறக்க உருகும். கெபாசிட்டரும் அளக்கக்கூடிய, ப்யூஸ் உள்ள மீட்டராக வாங்குங்கள்.

அடுத்து 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று, பணம் சேர்ந்ததும் சூட்டைக் குறைத்துக் கூட்டும் 60 வாட் ஸ்டேஷன் ஒன்று. 0.8 மி.மீ. லெட் (சால்டர் கம்பி), ரோசின் பேஸ்ட், டிசால்டரிங் பம்ப், லெட்டை உறிஞ்சும் விக், ஐசோபுரொபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ். டிரான்சிஸ்டர், கெபாசிட்டர் எல்லாவற்றின் காலையும் (கம்பி முனை) மாட்டிச் சோதிக்கும் சின்ன காம்போனென்ட் டெஸ்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கலாம். கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் அதில் மாட்டினால் டெஸ்டர் அங்கேயே செத்துவிடும்.

ஆசிலோஸ்கோப் இப்போது வேண்டாம். வாங்கிய அன்றே அதன் கிரவுண்ட் கிளிப்பை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பிரைமரி பக்கம் (மெயின்ஸோடு ஒட்டிய பக்கம்) மாட்டி மெயின் டிரிப் ஆகி, ஸ்கோப்பும் போனவர்கள் உண்டு. அந்தக் கிளிப் பிளக்கின் எர்த்தோடு நேராக இணைந்தது. பிரைமரியில் ஸ்கோப் வைக்க வேண்டுமானால், ரிப்பேர் செய்யும் சாமானுக்கு 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

சீரிஸ் பல்ப் போர்டு என்கிறார்களே, அது எதற்கு? எப்படிச் செய்வது?

இந்தத் தொழிலில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பணத்தை மிச்சம் பிடிக்கும் சாமான் இதுதான். பிளக்கிலிருந்து வரும் ஃபேஸ் வயரை நேராக சாக்கெட்டுக்குக் கொடுக்காமல், ஒரு பல்ப் ஹோல்டர் வழியாகக் கொடுங்கள். நியூட்ரல் நேராகப் போகட்டும். ஹோல்டருக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச் போட்டால், போர்டு சரியென்று தெரிந்தபிறகு பல்ப்பை விலக்கி முழு கரண்ட் கொடுக்கலாம். ஃபேஸ் வரும் வழியில் 5 ஆம்பியர் ப்யூஸ் ஒன்றும் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பை முழு கரண்டில் ஓட்ட இந்த போர்டு போதாது, அதைத் தனி 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுங்கள்.

பல்ப் பழைய இழை பல்ப்பாகத்தான் இருக்க வேண்டும். எல்.ஈ.டி., சி.எஃப்.எல். எதுவும் உதவாது. இழை குளிர்ந்திருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் குறைவு, சூடானால் பத்து மடங்குக்கு மேல் ஏறும். 60 வாட் பல்ப் முழுதாக எரியும்போது சுமார் 880 ஓம். போர்டில் ஷார்ட் இருந்தால் மொத்த வோல்டேஜும் பல்ப் மேல் விழும், பல்ப் பளிச்சென்று எரியும், கரண்ட் கால் ஆம்பியரை ஒட்டியே நிற்கும். உங்கள் புது மாஸ்ஃபெட் (சப்ளையை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) பிழைக்கும்.

அடாப்டருக்கும் சின்ன எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் 60 வாட், டிவிக்கு 100 வாட், பெரிய ஆம்ப்ளிஃபயருக்கும் இண்டக்‌ஷனுக்கும் 100 முதல் 200 வாட் வைத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்ததும் ஒருமுறை மின்னி அணைந்தால் பிரைமரி பக்கம் பரவாயில்லை. பெரிய கெபாசிட்டர் சார்ஜ் ஆன மின்னல் அது. அணையாமல் பிரகாசமாக எரிந்தால் ஷார்ட். மின்னி மின்னி அணைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். செகண்டரியில் (அவுட்புட் பக்கம்) ஷார்ட் இருந்து ஐ.சி. ஆன் ஆகி ஆஃப் ஆகலாம், அல்லது லோடுக்கு பல்ப் சின்னதாக இருக்கலாம். பெரிய பல்ப் போட்டுப் பார்த்தபிறகே முடிவு செய்யுங்கள். இதைத் தெரியாமல் நல்ல போர்டைப் பிரித்துப் போட்டவர்கள் நிறைய.

இது கரண்டைத்தான் கட்டுப்படுத்தும், ஷாக்கிலிருந்து காப்பாற்றாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கிறதே?

230 வோல்ட் ஏசியை நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜ் டிசி ஆக்கும்போது பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். நல்ல சப்ளையில் பிளக்கை எடுத்ததும் ஐ.சி. தொடர்ந்து ஓடி அதைச் செலவழித்துவிடும். வேலை செய்யாத சப்ளையில் அதை இழுக்க ஆளில்லை. ரிப்பேருக்கு வருவதெல்லாம் வேலை செய்யாத சப்ளைதானே, அதனால் மெக்கானிக்குக்குத்தான் அடி அதிகம்.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை விடுங்கள். பொறியில் டிராக் பெயரும், கெபாசிட்டரின் உள் இணைப்பு பலவீனமாகும். 2.2 கிலோ ஓம், 5 வாட் அல்லது 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் நன்றாக இன்சுலேட் செய்த வயரும் புரோப்பும் வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்.எஃப்.டி. கெபாசிட்டர் அதில் ஒரு நொடியை ஒட்டி இறங்கிவிடும். மூன்று நொடி பிடித்துவிட்டு, மீட்டரை வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே போனதைப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எங்கிருந்து அளக்க ஆரம்பிப்பது?

கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் ப்யூஸைப் பாருங்கள். இழை மட்டும் நடுவில் அறுந்திருந்தால் ப்யூஸ் தானாகவே சோர்ந்து போயிருக்கலாம், அல்லது கொஞ்சம் ஓவர்லோட் ஆகியிருக்கலாம். கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி பூசினாற்போலோ இருந்தால் நேர் ஷார்ட். அப்போது புது ப்யூஸ் போட்டு ஆன் செய்வது ப்யூஸுக்குத் தண்டச் செலவு. பிரிட்ஜின் நான்கு டயோடையும் டயோடு மோடில் அளங்கள், ஒவ்வொன்றும் 0.45 முதல் 0.6 வரை காட்டும். மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே பீப் அடித்தால் அது ஷார்ட்.

மாஸ்ஃபெட் ஷார்ட் என்றால் அதை மட்டும் மாற்றாதீர்கள். சோர்ஸ் காலில் இருக்கும் ஒரு ஓமுக்கும் குறைவான, கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருக்கும். டிரெயினில் வந்த உயர் வோல்டேஜ் கேட் வழியாகப் போய் கேட் ரெசிஸ்டரையும் மாஸ்ஃபெட்டை இயக்கும் பி.டபிள்யூ.எம். ஐ.சி.யையும் சேர்த்தே அடித்திருக்கும். நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் மலிவு.

ஷார்ட் எதுவும் இல்லையென்றால் சீரிஸ் பல்ப் வழியாக ஆன் செய்து பெரிய கெபாசிட்டரில் அளங்கள். 300-க்கு மேல் வர வேண்டும். பெரிய டிவியில் பி.எஃப்.சி. (மெயின்ஸ் கரண்டைச் சீராக்கும்) சர்க்யூட் இருந்தால், டிவி ஓடும்போது 380 முதல் 400 வரை வரும். அது கோளாறு இல்லை. 325 வந்தும் அவுட்புட் வரவில்லையென்றால் ஸ்டார்ட்அப் ரெசிஸ்டரைச் சந்தேகப்படுங்கள். சில நூறு கிலோ ஓமில் இரண்டு மூன்று ரெசிஸ்டர் தொடராக இருக்கும். வருடக்கணக்கில் 300 வோல்ட்டைத் தாங்கியே அவை ஓப்பன் ஆகும். வெளியே கறுக்காது, உடையாது, பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். ஒரு காலைக் கழற்றி அளந்தால்தான் தெரியும்.

ரெசிஸ்டர் சரியென்றால் ஐ.சி.யின் விசிசி (ஐ.சி. ஓடத் தேவையான சப்ளை) கெபாசிட்டர். 10 முதல் 47 எம்.எஃப்.டி., 50 வோல்ட்டில் இருக்கும் இந்தச் சின்னது சூடான டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே உட்கார்ந்து காய்ந்துபோகும். அப்போது விசிசி வோல்டேஜ் ஏறி ஏறி இறங்கும், சப்ளை 'டிக்... டிக்...' என்று துடிக்கும். இதே துடிப்பு செகண்டரி டயோடு ஷார்ட் ஆனாலும் வரும் என்பதால் அதையும் கையோடு அளந்துவிடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது, அவுட்புட் வோல்டேஜைக் கவனித்துப் பிரைமரிக்குத் தெரிவிக்கும் பிசி817 ஆப்டோகப்ளரும் டிஎல்431-ம். டிஎல்431 ஒழுங்காக வேலை செய்தால் அதன் ரெஃபரன்ஸ் காலில் 2.5 வோல்ட் நிற்கும்.

புதியவர்கள் அதிகமாகக் குழம்பும் இடம் கறுப்பு புரோப். பிரைமரியில் அளக்கும்போது அது பெரிய கெபாசிட்டரின் நெகட்டிவில் இருக்க வேண்டும், செகண்டரியில் அளக்கும்போது அவுட்புட்டின் நெகட்டிவில். இரண்டும் ஒன்றல்ல. மாற்றி வைத்தால் மீட்டர் ஏதோ ஒரு நம்பரைக் காட்டும், அதை நம்பி நல்ல ஐ.சி.யைக் கழற்றுவீர்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் ஐ.ஜி.பி.டி. (காயிலின் கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் பவர் டிரான்சிஸ்டர்) மாற்றினேன். பாத்திரம் வைத்ததும் 'டப்' என்று மறுபடியும் போய்விட்டது. டூப்ளிகேட் ஐ.ஜி.பி.டி.யா?

இருக்கலாம். ஆனால் பத்தில் பாதிக்கு மேல் காரணம் வேறு. ஐ.ஜி.பி.டி. அடி வாங்கிய ஆள், அடித்த ஆள் வேறெங்கோ இருக்கிறான். அவனைப் பிடிக்காமல் எத்தனை ஒரிஜினல் போட்டாலும் போகும்.

முதலில் காயிலுக்கு இணையாக இருக்கும் ரெசனன்ஸ் கெபாசிட்டர். 0.27 முதல் 0.33 எம்.எஃப்.டி., 1200 வோல்ட் என்று எழுதியிருக்கும். இதன் மதிப்பு குறைந்தால் ஐ.ஜி.பி.டி.யின் கலெக்டரில் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறும் வோல்டேஜ் கூடும். 1200 வோல்ட் பார்ட்டுக்கு அதற்குமேல் தாங்கும் சக்தி இல்லை. கழற்றி அளங்கள். எழுதியதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் 5 எம்.எஃப்.டி. ஃபில்டரையும் அப்படியே பாருங்கள்.

அடுத்தது 18 வோல்ட் சப்ளை. இது 12, 13-க்கு இறங்கினால் ஐ.ஜி.பி.டி. முழுதாக ஆன் ஆகாது, பாதி ஆனில் வெந்து சாகும். அதன் பிறகு ஐ.ஜி.பி.டி.யின் கேட்டை இயக்கும் டிரைவர்: பெரும்பாலும் எஸ்8050, எஸ்8550 டிரான்சிஸ்டர் ஜோடி. ஐ.ஜி.பி.டி. ஷார்ட் ஆனால் இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள், விலை ஒரு டீக்கும் குறைவு. கேட்டுக்கும் எமிட்டருக்கும் இடையே 18 வோல்ட் ஜீனர் டயோடும் 10 கே ரெசிஸ்டரும் இருக்கும். அந்த ரெசிஸ்டர் ஓப்பன் ஆனால் கேட் காற்றில் தொங்கும், ஐ.ஜி.பி.டி. தானாகவே ஆன் ஆகும்.

கடைசியாக, பலரும் பார்க்காமல் விடுவது: காயிலின் இரு முனையிலிருந்தும் வோல்டேஜை ஒப்பிடும் எல்எம்339 ஐ.சி. பக்கமோ கன்ட்ரோல் ஐ.சி. பக்கமோ போகும் பெரிய ரெசிஸ்டர்கள். 240 கே, 330 கே, 470 கே, 820 கே என்று இருக்கும். கலெக்டர் வோல்டேஜ் எப்போது கீழே வருகிறது என்பதை இவை வழியாகத்தான் ஐ.சி. பார்க்கிறது. ஒன்றின் மதிப்பு ஏறிவிட்டால் ஐ.சி. தப்பான நேரத்தில் ஆன் செய்யும். கலெக்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்போது ஆன் ஆனால் 'டப்' தான்.

பார்ட் மாற்றியபின் சோதிக்கும் முறை: ஐ.ஜி.பி.டி. போடாமலே சீரிஸ் பல்ப் வழியாக ஆன் செய்யுங்கள். 18 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வருகிறதா, டிஸ்ப்ளே எரிகிறதா பாருங்கள். கேட் பேடில் வோல்டேஜ் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அங்கே நிலையாக 18 நின்றால் டிரைவர் இன்னும் சரியாகவில்லை, ஐ.ஜி.பி.டி.யைக் கையிலேயே வைத்திருங்கள். எல்லாம் சரியென்றால் டிஸ்சார்ஜ் செய்து, ஹீட் சிங்க் பேஸ்ட் மெல்லிசாகத் தடவி, ஸ்க்ரூவை நன்றாக முறுக்கி ஐ.ஜி.பி.டி. போட்டு, காயில் மாட்டி, பாத்திரம் இல்லாமல் ஸ்டார்ட் கொடுங்கள். அடுப்பு பாத்திரத்தைத் தேடும்போது பல்ப் லேசாக மினுக்கும், பாத்திரம் இல்லை என்று பீப் வரும். பிரகாசமாக எரிந்தால் உடனே பிடுங்குங்கள். பாத்திரத்தோடு பல்ப் வழியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். வோல்டேஜ் விழுந்து லோ வோல்டேஜ் எரர்தான் வரும். பல்ப்பை விலக்கிவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் வைத்து, ஆகக் குறைந்த பவரில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள்.

சூடு பார்க்க ஹீட் சிங்கைத் தொடக் கூடாது. ஐ.ஜி.பி.டி.யின் முதுகுத் தகடு கலெக்டரோடு இணைந்தது, பல அடுப்புகளில் நடுவே மைக்கா (இன்சுலேஷன் தாள்) கிடையாது. அடுப்பு ஓடும்போது அந்த அலுமினியத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும்.

இன்னொன்று: அடுப்பைத் திறந்ததும் கரப்பான் பாருங்கள். ஃபேன் துவாரம் வழியாக உள்ளே போய், சூட்டில் குடும்பம் நடத்தி, கலெக்டர் டிராக்கின் குறுக்கே எச்சம் போட்டிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தேய்த்துக் கழுவி, காய்ந்தபிறகு பார்ட் போடுங்கள். அடுப்பைச் சுவரோரம் ஒட்டி வைக்க வேண்டாம் என்று கஸ்டமரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

எஸ்.பி. ரோட்டில் பார்ட்ஸ் வாங்கும்போது எப்படி ஏமாறாமல் இருப்பது?

சாதார் பத்ரப்பா சாலை என்ற முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே முழிப்பார். எஸ்.பி. ரோடு என்றால் போதும். பச்சைப் பாதை மெட்ரோவில் சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ இறங்கி நடக்கலாம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கன்னடம், இந்தி வராவிட்டாலும் கவலையில்லை, பார்ட் நம்பரை எழுதிக் காட்டினால் வேலை முடிந்தது. பழைய பார்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். ஃபோட்டோவைவிட அது மேல்.

பவர் பார்ட்டில் மூன்று ரகம் வரும்: புது ஒரிஜினல், வேறு பார்ட்டின் மேல் நம்பரை மாற்றி அடித்தது, பழைய போர்டிலிருந்து கழற்றியது. கழற்றியதை அடையாளம் காண்பது சுலபம்: கால் குட்டையாக இருக்கும், நுனியில் பழைய லெட் பளபளக்கும், முதுகில் பேஸ்ட் துடைத்த தடம் தெரியும். அது ஒரிஜினலாக இருந்தால் மோசமில்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள். நம்பர் மாற்றியது ஆபத்து. நகத்தால் அல்லது ஆல்கஹால் பஞ்சால் எழுத்தைத் தேய்த்துப் பாருங்கள், மேல்பரப்பு கருப்புப் பூச்சு அடித்ததுபோல் சொரசொரப்பாக இருக்கிறதா பாருங்கள். எச்20ஆர்1203 மாதிரி இண்டக்‌ஷனில் அதிகம் ஓடும் நம்பரில்தான் போலி அதிகம் வரும். முதலில் இரண்டு வாங்கி அடுப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு அதே கடையில் பத்தாக வாங்குங்கள். கடையை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு நல்ல சரக்கு கிடைப்பதில்லை.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் 105 டிகிரி என்று எழுதியதாக வாங்குங்கள், 85 வேண்டாம். வோல்ட் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. உயரம் கேபினெட்டில் அடங்குமா என்று அளந்துவிட்டுப் போங்கள்.

கையிருப்பாக வைக்க: 1என்4007 டயோடு நூறு, பிசி817 பத்து, டிஎல்431 பத்து, எஸ்8050-ம் எஸ்8550-ம் இருபது இருபது, 7805, 7812 ரெகுலேட்டர் ஐந்தைந்து, கால் வாட் ரெசிஸ்டர் கிட் ஒன்று, 5டி-9 என்டிசி (ஆன் செய்யும்போது பாயும் கரண்டைக் கட்டுப்படுத்துவது) பத்து, 10டி471 எம்.ஓ.வி. (வோல்டேஜ் எகிறினால் காப்பது) பத்து, 10, 47, 100, 470, 1000 எம்.எஃப்.டி. கெபாசிட்டர்கள் 25, 50 வோல்ட்டில் பத்து பத்து. ப்யூஸ் 2, 3.15, 5, 12 ஆம்பியர்.

ஒரே வீட்டிலிருந்து டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் எல்லாம் ஒரே நாளில் வந்தால்?

போர்டைப் பிரிப்பதற்கு முன்னால் நியூட்ரலைச் சந்தேகப்படுங்கள். கட்டடத்தின் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி ஏறும். அடையாளம், எம்.ஓ.வி. வெடித்துப் பிளந்திருக்கும், ப்யூஸ் கறுத்திருக்கும். 10டி471 என்பதில் 471 என்றால் 470 வோல்ட், ஏசியில் 300 வரை தாங்கும். அதைத் தாண்டினால் அது தன்னைப் பலி கொடுத்துப் பின்னால் இருப்பதைக் காப்பாற்றும். பல சமயம் எம்.ஓ.வி.யும் ப்யூஸும் மட்டும் மாற்றினாலே சாமான் ஓடும். எம்.ஓ.வி.யை வெட்டி எறிந்துவிட்டு ப்யூஸ் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். லைனை எலக்ட்ரீஷியனோ மின் விநியோக நிறுவனமான பெஸ்காமோ சரிசெய்த பிறகு செருகச் சொல்லுங்கள்.

எல்.ஈ.டி. டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை.

இருட்டில் திரைக்கு மிக அருகே டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனலும் மெயின் போர்டும் நன்றாக இருக்கின்றன, பேக்லைட்தான் (திரைக்குப் பின்னால் இருக்கும் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப்களின் வெளிச்சம்) போயிருக்கிறது. ஸ்ட்ரிப்பில் எல்.ஈ.டி.கள் தொடராக இருப்பதால் ஒன்று ஓப்பன் ஆனால் அந்த வரிசையே அணையும். எரியாத ஒன்றை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் பக்கத்தில் இருப்பது போகும். எல்லாம் ஒரே வயது. செட்டாகவே மாற்றுங்கள். 3 வோல்ட் எல்.ஈ.டி.யா 6 வோல்ட்டா என்பதை எல்.ஈ.டி. டெஸ்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புது ஸ்ட்ரிப் நீடிக்க டிரைவரின் கரண்டைக் குறைக்கலாம். டிரைவர் ஐ.சி. பக்கத்தில் சில ஓமில் இரண்டு மூன்று சென்ஸ் ரெசிஸ்டர் இணையாக இருக்கும், ஒன்றை எடுத்தால் கரண்ட் குறையும். இரண்டே இருந்து ஒன்றை எடுத்தால் பாதியாகும், படம் மங்கும். அப்போது சற்று கூடுதல் மதிப்பில் மாற்றிப் போடுங்கள்.

பேனலைத் தூக்கும்போது 43 அங்குலத்துக்கு இரண்டு பேர் வேண்டும். விளிம்பில் தொங்கும் மெல்லிய ஃப்ளெக்ஸில் (வளையும் ரிப்பன் இணைப்பு) கை பட்டால் படத்தில் நேர்க்கோடு விழும், அதற்கு மருந்தில்லை. பேனல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதைக் கஸ்டமரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

சால்டரிங் ஒட்டுவதில்லை, உருண்டை உருண்டையாக நிற்கிறது.

சூடு போதவில்லை அல்லது பிட் (அயர்னின் முனை) கெட்டுவிட்டது. 63/37 லெட் 183 டிகிரியில் உருகும், கம்பெனி போர்டில் வரும் ஈயமில்லா லெட் 217-க்கு மேல். அதனால் கம்பெனி இணைப்பில் முதலில் உங்கள் லெட்டைக் கொஞ்சம் சேர்த்துக் கலக்கிவிட்டு எடுங்கள், சுலபமாக வரும். ஸ்டேஷனில் சாதாரண வேலைக்கு 330 முதல் 350, கிரவுண்ட் பக்கம் 380. பிட்டை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் இரும்புப் பூச்சு போனால் உள்ளே இருக்கும் செம்பு லெட்டில் கரைந்து குழி விழும். வேலை முடிந்ததும் நுனியில் லெட் பூசி வைத்தால் போதும். ஊசி முனையைவிட உளி முனை சூட்டை நன்றாகக் கடத்தும். சாப்பிடும் முன் கை கழுவுங்கள், அது ஈயம்.

சின்ன எஸ்.எம்.டி. (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும்) பார்ட்டில் மூன்று எழுத்துத்தானே இருக்கிறது, நம்பர் எப்படித் தெரியும்?

சிலவற்றைப் பழக்கத்தில் மனதில் ஏற்றிக்கொள்ளலாம்: ஜே3ஒய் என்றால் எஸ்8050, 2டிஒய் என்றால் எஸ்8550, 1ஏஎம் என்றால் 3904. ரெசிஸ்டரில் 103 என்றால் 10 கே, 1002-ம் 10 கே தான், 4ஆர்7 என்றால் 4.7 ஓம். ஒரே குறியை இரண்டு கம்பெனி வெவ்வேறு பார்ட்டுக்கு வைப்பதும் உண்டு. அதனால் அது சர்க்யூட்டில் செய்யும் வேலையோடு பொருந்துகிறதா பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மூத்த மெக்கானிக்குகளிடம் சந்தேகம் கேட்டால் பதிலே வருவதில்லை. ஏன்?

'அண்ணே, டிவி ஆன் ஆகலை, எந்த ஐ.சி. மாத்தணும்?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஆன் ஆகாமல் இருக்க நூறு காரணம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'அண்ணே, 32 இன்ச், மெயின் போர்டு நம்பர் இது. ஸ்டாண்ட்பை ரெட் லைட் வருது. 5 வோல்ட் இருக்கு, 12 வோல்ட் ஆன் குடுத்ததும் ஒரு செகண்ட் வந்து போயிடுது. பேக்லைட் கனெக்டரைக் கழட்டினா 12 நிக்குது. முன்னாடி வேற கடையில திறந்திருக்காங்க.' இதில் பாதி விடை வந்துவிட்டது. அவர் டீ குடிக்கிற நேரத்திலேயே பேக்லைட் பக்கம் ஷார்ட் பார்க்கச் சொல்லிவிடுவார்.

டிவி மாடல் நம்பரைவிட போர்டில் அச்சிட்ட நம்பர் முக்கியம். ஒரே மாடலில் இரண்டு மூன்று போர்டு வரும். என்ன அளந்தீர்கள், எந்த கிரவுண்டில், சீரிஸ் பல்ப் இருக்கும்போதா இல்லாமலா என்பதையும் சொல்லுங்கள். ஏற்கெனவே மாற்றிய பார்ட்டை மறைக்காதீர்கள், மறைத்தால் அவர் தப்பான வழியில் போவார். ஃபோட்டோ அனுப்பினால் போர்டின் இரு பக்கமும் நேராக, வெளிச்சத்தில். வேலை முடிந்ததும் 'எஸ்எஸ்34 டயோடு ஷார்ட் அண்ணே, மாத்தினதும் ஓடுது' என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். அடுத்த முறை ஃபோனை எடுப்பார்.

கஸ்டமரிடம் எவ்வளவு கேட்பது?

பார்ட் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கடை நிற்காது. பார்த்துச் சொல்வதற்கு ஒரு கட்டணம், அதைச் சாமான் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். ரிப்பேர் செய்தால் கூலியில் கழித்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாமென்று நாமே சொல்வது நல்லது. ஜாப் கார்டில் வந்த நிலை, இருந்த கீறல், மாற்றிய பார்ட் மூன்றையும் எழுதி, கழற்றிய பார்ட்டைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

யாரோ கொண்டுவந்த மொபைலைத் திறக்கலாமா?

*#06# அடித்து ஐ.எம்.ஈ.ஐ. (ஃபோனின் அடையாள எண்) எடுத்து, 'கே.ஒய்.எம்.' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது பிளாக் ஆன ஃபோனா என்று தெரியும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். ஐ.எம்.ஈ.ஐ. மாற்றித் தரச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

உப்பிய பேட்டரி, செத்த போர்டு எல்லாம் சேர்ந்துவிட்டது. என்ன செய்ய?

உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட இரும்பு டப்பாவில், கடைக்கு வெளியே நிழலில் வையுங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய லித்தியம் செல்லை உயிர்ப்பிக்கும் வேலையும் வேண்டாம். போர்டுகளைச் செம்புக்காக எரிப்பவர்களிடம் எடைக்குப் போடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற ஈ-வேஸ்ட் ஆட்களிடம் கொடுங்கள். அதற்குமுன் நல்ல டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், கனெக்டர், கடையில் கிடைக்காத ஐ.சி. எல்லாவற்றையும் கழற்றி நம்பர் எழுதிய கவரில் போட்டு வையுங்கள்.

கடைக்குப் பதிவு ஏதாவது வேண்டுமா?

ஆதாரும் பான் கார்டும் இருந்தால் உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். காசு கேட்கும் தளம் அரசுத் தளமில்லை. கர்நாடகக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழும் பதிவு செய்ய வேண்டும். சர்வீஸ் வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது, ஆனாலும் எஸ்.பி. ரோட்டில் வாங்கும் பார்ட்டுக்கு பில் வாங்கி வையுங்கள்.